ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா

காஜாக்காரர் என்றால் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். அவருடைய சொந்தப் பேர் அவர் வீட்டுக்காரிக்கே யோசித்தால்தான் வரும். காஜா என்பது சட்டையில் பொத்தான் நுழைகிற துளை. பிளேடால் துளையை வெட்டி, ஓரம் பிரியாமல் நூலை நெருக்கி நெருக்கித் தைப்பதற்குப் பேர் காஜா எடுப்பது. தையல் வேலைக்கு வருகிற எந்தப் பையனுக்கும் முதலில் கொடுக்கிற வேலை அதுதான். கூட வந்த பையன்கள் எல்லாம் காஜாவிலிருந்து மிஷினுக்குப் போனார்கள், மிஷினிலிருந்து கத்தரிக்கோலுக்குப் போனார்கள், மாஸ்டர் ஆனார்கள். இவர் மட்டும் காஜாவிலேயே உட்கார்ந்துவிட்டார். முடியாமல் இல்லை. பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

"எல்லாரும் துணியை ஒட்ட வைக்கிறாங்க. நான் ஒருத்தன்தான் ஓட்டை போட்டுச் சம்பளம் வாங்குறேன்" என்பார்.

அவர் வேலை பார்த்த பட்டறையில் ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டு தைத்தார்கள். மிஷின் காஜா நாலு சலவையில் பிய்ந்து வாயைப் பிளந்துவிடும் என்று ஆஸ்பத்திரிக்காரர்கள் கைக்காஜாதான் கேட்பார்கள். பட்டறை ஒரு நீளக் கூடம். மிஷின்கள் இரண்டு வரிசையாக நிற்கும். நல்ல வெளிச்சம் வருகிற ஜன்னல் ஒன்றே ஒன்று. அதற்குக் கீழே ஒரு பலகை பெஞ்சு. அந்த பெஞ்சின் நடுவில் ஒரு இடம் மட்டும் குழிந்து மினுமினுவென்று இருக்கும். அது காஜாக்காரர் உட்கார்ந்து உட்கார்ந்து விழுந்த குழி. அந்த இடம் அவருக்கு நிற்குமா, போகுமா என்று ஆகிவிட்ட சமயத்தில் நடந்தது இது.

கண் மங்க ஆரம்பித்தபோது அவர் அதைக் கண் என்று ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் நூல் மட்டம் என்றார். பிறகு இப்போது வருகிற ஊசிக்கெல்லாம் காது சின்னது என்றார். பிறகு ஜன்னலை யாரும் துடைப்பதில்லை என்றார். ஜன்னலைத் துடைத்தார்கள். அதற்குப் பிறகு சொல்ல ஒன்றும் இல்லாமல் போய், காலையில் வீட்டுக்காரியிடம் ஊசிகளையும் நூல்கண்டையும் நீட்டினார். அந்த அம்மா வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து எல்லா ஊசியிலும் நூல் கோத்து, அவர் சட்டைக் காலருக்கு உள்பக்கம் வரிசையாகக் குத்தி அனுப்புவார்.

"போருக்குப் போற மாதிரி இருக்கீங்க. வழியில யாரையும் கட்டிப் பிடிச்சிடாதீங்க" என்பார்.

கோத்த ஊசி தீர்ந்துபோனால் வயிறு சரியில்லை என்று வீட்டுக்கு ஓடி வருவார். வயிறு அடிக்கடி சரியில்லாமல் போனது.

வீட்டில் அப்போது பேரன் பிறந்திருந்தான். மகனுடைய பிள்ளை. பார்க்க வருகிறவர்கள் எல்லாம் யார் ஜாடை என்று கேட்டார்கள். சம்பந்தி, அதாவது மருமகளுடைய அப்பா, லாரி ஓட்டுகிறவர். அவர் மூக்கு தெருமுனை திரும்பி வந்த பிறகுதான் அவர் வருவார். அவர் வந்து தொட்டிலைப் பார்த்ததும், "மூக்கைப் பாருங்க சம்பந்தி! அச்சு அசல் நான்தான்!" என்று கத்தினார்.

"சும்மா இருங்க சம்பந்தி. என் பேரன் என்னை மாதிரிதான். நெத்தியிலேயே தெரியுது" என்றார் காஜாக்காரர். அவருக்குத் தெரிந்தது ஒரு சிவப்பு மூட்டைதான். ஆனால் உறுதியாகச் சொன்னார்.

பட்டறையின் மாடியில் ஒரு மிஷனரிக் குடும்பம் குடியிருந்தது. புருஷன், பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள். இரண்டு விமானம் மாறி, கடைசியில் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து சேர்ந்தவர்கள். பட்டறைக்குப் பின்னால் சாக்கடை ஓரமாகத் தகர வீடுகள் வரிசையாக இருக்கும். பட்டறைக்காரர்கள் பாதிப்பேர் அங்கேதான் இருந்தார்கள், காஜாக்காரரும். சாக்குத் தைக்கிறவர்கள், குப்பை பிரிக்கிறவர்கள், மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாம் அங்கேதான். அவர்களுக்காக வந்தோம் என்று மிஷனரி சொன்னார். ஏன் என்று முதலில் யாருக்கும் புரியவில்லை. இங்கே இருக்கிறவர்களே கிளம்பிவிடலாமா என்று பார்க்கிற இடம் அது.

மாடி ஐயா, மாடி அம்மா என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மாடி ஐயா நல்ல உயரம். படி இறங்கும்போது நாள் தவறாமல் உத்திரத்தில் தலையை இடித்துக்கொண்டு, உத்திரத்திடம் "மன்னிக்கவும்" என்பார். தலைமுடியை மாடி அம்மாவே வெட்டிவிடுவார், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்கும். பிள்ளைகள் இரண்டும் பட்டறை வாசலில் வெட்டுத்துணி பொறுக்கிப் பந்து செய்யும். புண்ணுக்குக் கட்டுப் போடுவது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது, தெருக்குழாய்க்கு வாஷர் மாற்றுவது என்று எதையும் அவர்கள் விட்டு வைக்கவில்லை.

இந்த ஊர்ப் பேச்சை மாடி ஐயா புத்தகத்தில் படித்தார். மாடி அம்மா சந்தையில் படித்தார். ஐயா எதிரில் வருகிறவரிடம், "தங்கள் உடல்நலம் எவ்வாறு உள்ளது?" என்று கேட்பார். அம்மா காய்க்கடையில், "என்னய்யா, பாதி அழுகல்! இதை உங்க மாமியாருக்கு விப்பீங்களா?" என்று கேட்பார். காய்க்காரன் அம்மாவுக்கு மட்டும் நல்லதாகப் பொறுக்கிப் போடுவான்.

ஞாயிற்றுக்கிழமை மாடிக்கூடத்தில் ஜெபம் நடக்கும். காஜாக்காரர் முதலில் டீக்காகத்தான் போனார். பிறகு பழகிவிட்டது. கடைசி வரிசையில் சுவரில் சாய்ந்து உட்காருவார். மாடி ஐயா பாட்டுப் பாடி, பேசி முடித்து, "கண்களை மூடுங்கள்" என்பார். எல்லோரும் மூடுவார்கள். கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அப்புறம் மெல்லக் கேட்பார்:

"ஆண்டவர் தெரிகிறாரா?"

"தெரியுது" என்று கூடமே சொல்லும்.

"நன்றாகத் தெரிகிறாரா?"

"நல்லாத் தெரியுது!"

"ஆமென்."

"ஆமென்."

காஜாக்காரருக்கு ஒன்றும் தெரியாது. இருட்டு, நடுவில் இரண்டு மூன்று மஞ்சள் புள்ளி, அவ்வளவுதான். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற சாக்குக்காரருக்கே தெரிகிறதாம், நமக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? அவரும் தெரியுது என்று சொல்லிவிட்டு டீக்குப் போவார்.

ஒருநாள் மாடி ஐயாவுக்கு அவர் ஊரிலிருந்து ஒரு பெட்டி வந்தது. அந்த ஊரில் ஜனங்கள் போட்டுக் கழித்த மூக்குக்கண்ணாடிகள் அதில் நிறைய இருந்தன. ஐயா டாக்டர் இல்லை. ஆனால் எந்தக் கண்ணுக்கு எந்தக் கண்ணாடி என்று பார்த்துக் கொடுக்கக் கொஞ்சம் பழகியிருந்தார். கூடத்துச் சுவரில் ஒரு அட்டையை மாட்டினார். மேலே பெரிய மீன், அதற்குக் கீழே குடை, கப்பு, சாவி என்று படம் சின்னதாகிக்கொண்டே போகும். வருகிற சனிக்கிழமை எல்லோரும் வரலாம் என்று சொல்லி அனுப்பினார்.

அந்த வாரம்தான் மாஸ்டர் காஜாக்காரரிடம் வந்தார். மாஸ்டர் ஒரு காலத்தில் அதே பெஞ்சில் அவர் பக்கத்தில் காஜா எடுத்த பையன்.

"அண்ணே, காஜா எல்லாம் கோணிக்கிட்டுப் போகுது. ஒண்ணு மேல பார்க்குது, ஒண்ணு கீழே பார்க்குது. ஏதாவது சண்டையா அதுங்களுக்குள்ள?"

"துணி வழுக்குதுப்பா."

"துணி வழுக்குதா, கண்ணு வழுக்குதா? மாடியில கண்ணு பார்க்கிறாங்க. போயிட்டு வாங்க. கண்ணு நல்லா இருக்குன்னு அவர் சொல்லட்டும், இடம் உங்களுது. இல்லன்னா எனக்கும் வேற வழியில்ல, ஜன்னல் இடத்துல ஒரு சின்னப் பையனை உட்கார வைக்கணும்."

அன்றைக்கும் வயிறு சரியில்லை என்று காஜாக்காரர் வீட்டுக்கு ஓடினார். இந்தத் தடவை நிஜமாகவே.

சனிக்கிழமை மாடிப்படி முழுக்க வரிசை. சாக்குக்காரர் முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் இவர். மாடி அம்மா அந்தப் பக்கம் அறையில் ஒரு பையனுடைய முழங்காலுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். ஐயா ஒரு துடைப்பக்குச்சியைப் பிடித்துக்கொண்டு அட்டைக்குப் பக்கத்தில் சுவரைப் பார்த்து நின்றார். அவருக்கே கிட்டப்பார்வை, போட்டிருந்த கண்ணாடியும் பழசு. அட்டையில் முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தால்தான் குச்சி சரியான படத்தில் படும்.

"கண்ணை மூடுங்கள்" என்றார். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு இன்னொரு கண்ணால் பார்க்க வேண்டும் என்பது அவர் மனதில் இருந்தது. அந்த 'ஒரு' வாயில் வரவில்லை.

காஜாக்காரர் முன்னால் நின்ற சாக்குக்காரரைப் பார்த்தார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கையைக் கட்டி, தலையைக் குனிந்து, இரண்டு கண்ணையும் மூடினார்.

"தெரிகிறதா?" என்று சுவரைப் பார்த்தபடி ஐயா கேட்டார். குச்சி மீனில் இருந்தது.

"தெரியுது."

குச்சி இறங்கியது. "இது தெரிகிறதா?"

"தெரியுது."

"மிகச் சிறியது? சாவி?"

"நல்லாத் தெரியுது. ஆமென்."

"ஆமென்" என்றார் ஐயா. இந்த ஜனங்கள் எதற்கும் நன்றி சொல்ல மறப்பதில்லை என்று அவருக்குச் சந்தோஷம்.

அடுத்தது காஜாக்காரர். சாவி எதற்கு நடுவில் வந்தது என்று அவருக்குப் புரியவில்லை. பரலோகத்துச் சாவியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அவரும் கையைக் கட்டினார், மூடினார், மூன்று தடவை தெரியுது சொன்னார், ஆமென் சொன்னார். கண்ணைத் திறந்தபோது ஐயா திரும்பி நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அவர் படி விளிம்புக்கு வந்து கீழே நின்ற மாஸ்டரைப் பார்த்து, "உம்முடைய ஆளுக்கு மிக நல்ல கண்!" என்று கூவினார்.

அன்றைக்கு வந்த எல்லோருக்கும் மிக நல்ல கண். சாக்கடை ஓரத்து ஜனங்களுக்கு இப்படிப் பருந்துக் கண் இருப்பது ஐயாவுக்குப் பெரிய ஆச்சரியம். பெட்டியைத் திறக்க வேண்டிய தேவையே வரவில்லை. வேறு ஊரில் இருக்கிற மிஷனரிக்கு அனுப்பிவிடலாம் என்று கயிறு போட்டுக் கட்டி, கதவோரம் வைத்தார்.

காஜாக்காரர் பெஞ்சில் போய் ஜம்மென்று உட்கார்ந்தார். கண் நல்ல கண் என்று அத்தனை படித்த மனுஷனே சொல்லிவிட்டார். அப்படியானால் இந்த மங்கல் கண்ணில் இல்லை, வேறு எங்கேயோ இருக்கிறது. நூலாகத்தான் இருக்கும் என்று பழையபடி நூலுக்கே வந்தார்.

அடுத்த வாரம் ஒரு கட்டு வெள்ளைக் கோட்டு வந்தது. வெள்ளைத் துணி, வெள்ளை நூல், சாக்பீஸ் குறியும் வெள்ளை. காஜாக்காரர் விரல் நகத்தால் ஓரத்தைத் தடவித் தடவி வேலையை முடித்தார். மாஸ்டர் ஒரு கோட்டை எடுத்து உதறிப் பொத்தான் போடப் பார்த்தார். போட முடியவில்லை. இரண்டு பக்கமும் துளை இருந்தது. பொத்தான் தைக்க வேண்டிய பக்கத்திலும் அழகாகக் காஜா எடுத்து வைத்திருந்தார். அந்தக் கட்டு முழுக்க அப்படித்தான்.

மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"என்ன அண்ணே இது? டாக்டருங்க கோட்டைக் கயிறு போட்டுக் கட்டிக்கணுமா?"

"கண்ணு கொஞ்சம்..."

"கண்ணைப் பத்திப் பேசாதீங்க. கண்ணு நல்ல கண்ணுன்னு ஐயா ஊருக்கே கேக்கிற மாதிரி சொல்லிட்டார். அப்போ இது என்ன? கண்ணு மங்கினா பாவம்னு விடலாம். இது திமிரு. என் பக்கத்துல உட்கார்ந்து காஜா எடுத்த பய எனக்கு மாஸ்டரான்னு திமிரு."

"அப்படியெல்லாம் இல்லப்பா."

"திங்கக்கிழமை ஒரு கோட்டு, என் எதிர்ல. சரியா வந்தா இருங்க. இல்லன்னா அந்த இடத்தை விட்டுடுங்க. என்னை மரியாதை இல்லாம பேச வைக்காதீங்க."

வீட்டில் அன்றைக்கு அவர் தொட்டில் பக்கம் போகவில்லை. வீட்டுக்காரி கேட்டுக் கேட்டுப் பார்த்துவிட்டு, "கண்ணு தெரியலன்னு மாடியில போய்ச் சொல்ல வேண்டியதுதானே?" என்றார்.

"எப்படிச் சொல்றது? தெரியுதான்னு கேட்டார், தெரியுதுன்னு சொல்லிட்டேன். ஜெபத்துல சொன்னது. ஜெபத்துல பொய் சொன்னேன்னு போய்ச் சொல்லணுமா?"

"பொய் சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"அப்போ போய்ச் சொல்லுங்க. நான் ஊசிதான் கோக்க முடியும். உங்களுக்குப் பதிலா பாவமன்னிப்பு கேக்க முடியாது."

ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் வருவதற்கு முன்னாலேயே மாடி ஏறினார். ஐயா பாய் விரித்துக்கொண்டிருந்தார். அடுப்பில் டீக்குத் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது.

"ஐயா, நான் உங்ககிட்டப் பொய் சொல்லிட்டேன்."

"அமருங்கள்" என்றார் ஐயா.

"கண்ணை மூடச் சொல்லித் தெரியுதான்னு கேட்டீங்க. தெரியுதுன்னு சொன்னேன். தெரியலீங்க. ஒண்ணுமே தெரியல. ஒரே இருட்டு. எல்லாரும் சொல்றாங்களேன்னு நானும் சொன்னேன்."

ஐயா பாயை விட்டுவிட்டு அவர் எதிரில் வந்து உட்கார்ந்தார். பிறகு, பிள்ளைகள் காதில் விழக்கூடாது என்பது மாதிரி தணிந்த குரலில், "எனக்கும் பல நாட்கள் இருட்டுதான்" என்றார்.

"உங்களுக்குமா?"

"உண்மையைச் சொன்னால், பெரும்பாலான நாட்கள்."

காஜாக்காரருக்கு மனசு இளகிவிட்டது. பாவம், இந்த மனுஷனும் நம்மைப் போலத்தான். "அப்போ உங்களுக்கும் ஊசி கோக்க முடியலீங்களா?" என்றார்.

"ஊசியா?"

"ஊசிங்க. காதே தெரிய மாட்டேங்குது. வீட்டுக்காரிதான் கோத்துக் குடுக்கிறா."

அடுப்படியிலிருந்து மாடி அம்மா கரண்டியோடு வந்து நின்றார். "நடுவுல ஊசி எங்க வந்துச்சு? இருங்க, இருங்க. இவர் உங்களைத் தெரியுதான்னு எப்போ கேட்டார்?"

"அன்னைக்குத்தாம்மா. அட்டை மாட்டின அன்னைக்கு. கண்ணை மூடச் சொன்னார், மூடினேன்."

"எந்தக் கண்ணை?"

"எந்தக் கண்ணைன்னா? ரெண்டையும்தான்."

மாடி அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார். "ரெண்டையும் மூடிக்கிட்டா மீனும் சாவியும் தெரியுதுன்னு சொன்னீங்க?"

"என்னம்மா இப்படிக் கேக்கிறீங்க? ஜெபம்னா ரெண்டு கண்ணையும்தானே மூடணும்?"

"அனைவருமா?" என்றார் ஐயா. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"எல்லாரும்தாங்க. வரிசையா. கடைசியில ஆமென் சொன்னோமே. நீங்களும் சொன்னீங்களே."

மாடி அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கரண்டி உருண்டு காஜாக்காரர் காலடிக்கு வந்தது. ஐயா சிரிக்கவில்லை. கதவோரம் கட்டி வைத்திருந்த பெட்டியைப் பார்த்தார். அது மறுநாள் காலை வண்டியில் போக வேண்டிய பெட்டி. எழுந்து போய்க் கயிற்றை அவிழ்த்தார். முடிச்சு சீக்கிரம் அவிழவில்லை.

அன்றைக்குப் பாட்டு இல்லை. கூடம் நிறைந்ததும் ஐயா எழுந்து நின்று, தன் தவறு, தானே திரும்பிப் பார்த்திருக்க வேண்டும் என்று புத்தகப் பேச்சில் நீளமாகச் சொன்னார். யாருக்கும் பாதி புரியவில்லை. அப்புறம் மாடி அம்மா முன்னால் வந்தார்.

"எல்லாரும் கேளுங்க! இது ஜெபம் இல்ல. ஜெபம் அப்புறம். இந்தக் கரண்டியைப் பிடிங்க. இதால ஒரு கண்ணை மறைங்க. ஒரு கண்ணு! இன்னொன்னைத் தொறந்து வைங்க. என்ன படம்னு வாயால சொல்லுங்க. யாராவது ஆமென் சொன்னீங்க, டீ கிடையாது!"

சாக்குக்காரர் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, மீனைப் பார்த்து, "அது என்ன, தலகாணியா?" என்றார். கூடம் சிரித்தது. அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் மீன் தலையணையாகவும் படகாகவும் தெரிந்தது. காஜாக்காரர் தூரத்துப் படமெல்லாம் சரியாகச் சொன்னார். ஊசியைக் கையில் கொடுத்தபோதுதான் மாட்டினார். ஐயா கண்ணாடிகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். கடைசியில் பொருந்தினது ஒரு பொம்பளைக் கண்ணாடி. சிவப்பு ஃபிரேம், இரண்டு ஓரமும் பூனைக் காது மாதிரி கூராக ஏறியிருக்கும். காஜாக்காரர் அதைப் போட்டுக்கொண்டு முதலில் தன் கட்டைவிரலைப் பார்த்தார். பொடிப்பொடியாக ஊசி குத்தின கறுப்புப் புள்ளிகள். இத்தனையா என்று எண்ணிக்கொண்டார்.

இன்றைக்கும் அந்தத் தெருக்காரர்கள் எந்த ஆஸ்பத்திரிக்குக் கண் பார்க்கப் போனாலும், டாக்டர் மூடச் சொன்னதும், "ஒரு கண்ணா, ரெண்டு கண்ணா?" என்று கேட்டுக்கொள்வார்கள். மாடிக் குடும்பம் வேறு இடத்துக்கு மாறிப் போய் வெகுகாலம் ஆகியும் அந்தக் கேள்வி மட்டும் அங்கேயே இருக்கிறது. போகிற வரைக்கும் மாடி ஐயா ஜெபத்தில் அந்தத் தெரிகிறாரா கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கண்ணை மூடச் சொல்வார், சும்மா இருப்பார், ஆமென் சொல்வார்.

கண்ணாடி கிடைத்த மறுநாள், திங்கட்கிழமை காலை, வீட்டுக்காரி வழக்கம்போல ஊசியைக் கேட்டார். "வேணாம்" என்றார் காஜாக்காரர்.

"நல்லாத்தான் இருக்கு. யாரோட மாமியார் கண்ணாடி இது?"

"உன் மாமியார் இருந்திருந்தா இதைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருப்பா. வழி விடு."

பட்டறையில் அவர் நுழைந்ததும் சிரிப்புக் கிளம்பியது. அவர் யாரையும் கவனிக்காமல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மாஸ்டர் ஒரு வெள்ளைக் கோட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார். காஜாக்காரர் நூல் நுனியை நாக்கில் வைத்து ஈரமாக்கினார். ஊசியைத் தூக்கிப் பிடித்தார். ஒரே தடவை. நூல் உள்ளே போனது. பிறகு நிதானமாகக் குறி வைத்து, வெட்டி, சுற்றித் தைத்து, நூலை அறுத்து, கோட்டை நீட்டினார்.

மாஸ்டர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். திருப்பிப் பார்த்தார். இழுத்துப் பார்த்தார். துளை ஒரு பக்கம்தான் இருந்தது.

"ஏன் அண்ணே, அன்னைக்கே கண்ணு தெரியலன்னு மாடியில சொல்லியிருக்கலாமே?"

"கேட்டாங்க. நான்தான் கண்ணை மூடிக்கிட்டேன்."

மாஸ்டருக்குப் புரியவில்லை. கோட்டைக் கட்டின் மேல் போட்டுவிட்டு, "சரி, இதையும் முடிங்க" என்று மீதிக் கட்டைத் தள்ளிவிட்டுத் திரும்பினார்.

"தம்பி" என்றார் காஜாக்காரர். "உன் சட்டையில ரெண்டாவது பொத்தான் வேற நூல்ல தைச்சிருக்கு. மாஸ்டர்னா கொஞ்சம் பார்த்துப் போட்டுக்கோ."

வேடிக்கை பார்க்க நின்றிருந்த மிஷின்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஓட ஆரம்பித்தன.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து கைகால் கழுவி, துண்டால் துடைத்து, கண்ணாடியையும் துடைத்துப் போட்டுக்கொண்டு தொட்டிலுக்குப் போனார். சம்பந்தி ஏற்கெனவே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை விழித்துக்கொண்டு காலை உதைத்துக்கொண்டிருந்தான். காஜாக்காரர் குனிந்து பார்த்தார். இமைமயிர் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. காதோரத்தில் பூனைமுடி தெரிந்தது. உதட்டில் பால் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது தெரிந்தது. நடுவில் மூக்கு தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து சம்பந்தியைப் பார்த்தார். மறுபடி குனிந்து பிள்ளையைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, இப்போ சொல்லுங்க. யார் மூக்கு?"

காஜாக்காரர் சிவப்புக் கண்ணாடியைக் கழற்றி மடக்கி, சட்டைப் பையில் போட்டார்.

"என் ஜாடைதான்" என்றார். "நல்லாத் தெரியுது."